அப்ரூவல் ஆன பாறை

எனக்கு வேலை கொடுத்த முதலாளி என் மதிப்பெண் பட்டியலை ஒரு நிமிடம்தான் பார்த்தார். அதில் பாறைச் சோதனை என்று ஒரு தாள் இருந்தது. "கல்லையே டெஸ்ட் பண்ணுனவீங்க, துணிய டெஸ்ட் பண்ண மாட்டீங்களா அம்மிணி?" என்றார். மறுநாளே திருப்பூரை அடுத்த வீரபாண்டியில் இருந்த அவருடைய பனியன் கம்பெனியின் டெஸ்டிங் லேபில் உட்கார்ந்துவிட்டேன். நிலவியலில் எம்.எஸ்ஸி., அதுவும் முதல் வகுப்பு. செய்த வேலை என்னவென்றால், பனியன் துணியை வட்டமாக வெட்டி இயந்திரத்தில் கவ்வ வைத்து, எத்தனை அழுத்தத்தில் கிழிகிறது என்று நோட்டில் எழுதுவது. இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. ஊரே ஏற்றுமதி ஏற்றுமதி என்று பறந்துகொண்டிருந்தது. கிழிப்பதற்குத் துணிப் பஞ்சமே இல்லை.

கம்பெனிக்குச் சொந்தமாக ஒரு சாயப்பட்டறையும் இருந்தது. சாயப்பட்டறைக்கு வேண்டியது இரண்டு: உள்ளே வரத் தண்ணீர், வெளியே போக இடம். வெளியே போக இடம் பிரச்சினையே இல்லை. கட்டடத்துக்குப் பின்னால் ஒரு குட்டை இருந்தது, எல்லாம் அங்கே போய் நின்றது. அதன் கரையில் 'கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்' என்று ஒரு பலகை நட்டிருந்தார்கள். அதிகாரிகள் வரும் நாளில் அந்தப் பலகையை ஈரத்துணியால் துடைப்பார்கள். அந்தக் குட்டைப் பக்கம் நடந்த சுத்திகரிப்பு அது ஒன்றுதான்.

உள்ளே வரத் தண்ணீர்தான் இல்லை. சாயத்துக்கு லாரியில் வந்தது. குடிப்பதற்கு நாங்கள் எல்லோரும் முன்பக்கத்து வேலிக்குப் போவோம். வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு சின்னத் தோட்டம். கொஞ்சம் சோளத்தட்டு, இரண்டு மாடுகள், ஒரு நூறடிக் கிணறு. சுற்றிலும் இருந்த கிணறுகள் எல்லாம் உப்பாகி, பாத்திரம் கழுவக்கூட ஆகாமல் போயிருந்தன. அந்த ஒரு கிணறு மட்டும் எப்படியோ இனித்தது. தோட்டக்கார அக்காவும் அவர் கணவரும் அதை நம்பித்தான் இருந்தார்கள். நாங்களும்தான். டெய்லர், கட்டிங் மாஸ்டர், வடக்கிலிருந்து வந்த பிரிண்டிங் ஆட்கள் என்று எல்லோரும் பாட்டிலோடு நிற்போம். எங்கள் ஊரான மங்கலத்தில் குழாயைத் திறந்தால் உப்புக் கரிக்கும் என்பதால், நான் சாயங்காலம் பஸ் ஏறும்போது ஒரு அஞ்சு லிட்டர் கேனும் நிரப்பிக்கொள்வேன். அக்கா ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. "குடிக்கிற தண்ணிய யாராச்சும் வேண்டாம்பாங்களா கண்ணு" என்பார். அந்தக் கிணற்றைத் தவிர அவர்களுக்கு வேறு ஆதாரம் கிடையாது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

எங்கள் முதலாளி ஆழ்துளைப் போர் போடாத இடம் அந்த வளாகத்தில் இல்லை. உள்ளங்கையில் தேங்காயை நிறுத்தி நீரோட்டம் பார்ப்பவர் வந்தார். தேங்காய் எழுந்து நின்ற இடத்திலெல்லாம் போட்டார்கள். தேங்காய் நின்றது, தண்ணீர் வரவில்லை. வேப்பங்குச்சிக்காரர் வந்தார். குச்சி தானாக வளைந்த இடத்தில் எண்ணூறு அடி இறக்கினார்கள். புழுதி பறந்து, வெயிலில் காயப்போட்டிருந்த ஒரு லாட் வெள்ளைத் துணி சாம்பல் நிறமாகிப் போனதுதான் மிச்சம். இந்தக் காலம் முழுவதும் நிலவியலில் எம்.எஸ்ஸி. படித்த ஒருத்தி அதே கட்டடத்தில், ஜன்னலோரமாக, பனியனைக் கிழித்துக்கொண்டிருந்தாள். ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தேங்காய்க்கு இருந்த மரியாதை எனக்கு இல்லை என்று எனக்கு உண்மையாகவே எரிச்சலாக இருந்தது.

அப்போதுதான் திருச்செங்கோட்டுப் பக்கத்திலிருந்து ஒரு கான்டிராக்டர் வந்தார். வறண்ட போருக்குள் ஒரு ரப்பர் அடைப்பை இறக்கி நடுவில் மூடிவிட்டு, அதற்குக் கீழே லாரி லாரியாகத் தண்ணீரை அசுர அழுத்தத்தில் செலுத்தினால் பாறை விரிசல் விடும், விரிசல் போய் எங்கேயாவது ஊற்றைத் தொடும் என்றார். முதலாளிக்குக் கண் விரிந்தது. ஆனால் கான்டிராக்டர் ஒரு நிபந்தனை போட்டார். "பாறை நொறுங்குற ஜாதியா இருக்கோணும்ங்க. மசியிற ஜாதியா இருந்தா நான் எவ்வளவு அடிச்சாலும் வீண். யாராச்சும் படிச்சவீங்க பாத்து எழுதிக் குடுத்தா வண்டிய எடுத்தாறேன்."

முதலாளி லேபுக்கே வந்துவிட்டார். அவர் அதற்கு முன் லேபுக்குள் வந்தது ஆயுத பூஜைக்கு.

கல்லூரியில் என் ஆய்வுக்கட்டுரையே இதுதான் என்பதை அவர் எப்படி அறிவார்! அமெரிக்காவில் ஷேல் என்னும் களிப்பாறையைத் தண்ணீர் அழுத்தத்தால் உடைத்து, உள்ளே சிக்கியிருக்கும் வாயுவை எடுக்கிறார்கள். எல்லா ஷேலும் உடையாது. குவார்ட்சு, அதாவது நம் வெங்கச்சங்கல், நிறைய இருந்தால் சடாரென்று நொறுங்கும். களிமண் நிறைய இருந்தால் அழுத்தத்தை வாங்கிக்கொண்டு சும்மா இருக்கும், திறந்த விரிசலும் திரும்ப மூடிக்கொள்ளும். எது எவ்வளவு என்று எண்ணிப் பார்த்து, இந்தப் பாறை நொறுங்குமா நொறுங்காதா என்று முன்கூட்டியே சொல்லலாம். இதை நான் ஒரு முழு வருடம் எழுதினேன். நேரில் பார்த்த ஷேல் என்பது துறை அலமாரியில் பூட்டி வைத்திருந்த உள்ளங்கை அளவு ஒரே ஒரு துண்டு. அதையும் தொட விடமாட்டார்கள்.

முதலாளிக்கு நான் இப்படி விளக்கினேன். "முறுக்கு இருக்குதுங்க, அதிரசம் இருக்குதுங்க. ரெண்டையும் அமுத்துனா முறுக்கு பட்டுனு உடையும், அதிரசம் நசுங்கும். கெட்டியா இருக்கறது வேற, நொறுங்கறது வேறங்க."

"அப்ப நம்ம பாறை முறுக்கா, அதிரசமானு பாத்துச் சொல்லிப்போடுங்க அம்மிணி" என்றார்.

வேறு ஊராக இருந்திருந்தால் நான் கையை விரித்திருப்பேன். போர் போட்டு மாதக்கணக்காகிவிட்டது, தோண்டியபோது வெளியே வந்த கல்லும் தூளும் எங்கே போயினவோ. ஆனால் இது திருப்பூர். இங்கே எந்தச் சரக்குக்கும் ஒரு சாம்பிளை எடுத்து வைக்காமல் அடுத்த வேலைக்குப் போகமாட்டார்கள். நாளைக்கு வெளிநாட்டுக்காரன் வாயைத் திறந்தால் காட்டுவதற்கு ஒன்று வேண்டும். அதே பழக்கத்தில், போர் வண்டியின் ஒவ்வொரு ராடு இறங்கும்போதும் வெளியே வந்த கல்லை எங்கள் செக்கிங் சூப்பர்வைசர் அம்மா அள்ளி வைத்திருந்தார். தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து குடியேறியவர். அவர் கண்ணில் படாமல் ஒரு நூல் பிசிறுகூடக் கம்பெனியை விட்டு வெளியே போகாது.

மறுநாள் காலை சாம்பிள்கள் என் மேசைக்கு வந்தன. பார்த்ததும் எனக்கு மனம் நிறைந்துவிட்டது. ஒவ்வொன்றும் தனித்தனிப் பாலிதீன் பையில், டேக் குத்தி, அதில் ஆழம் எழுதி, அட்டைப்பெட்டியில் வரிசையாக அடுக்கியிருந்தது. பையின் மூலையில் ஈரம் உறிஞ்சும் பொட்டலம்கூடப் போட்டிருந்தார்கள். என் கல்லூரியில் இந்த ஒழுங்கு கிடையாது. அங்கே பாதிக் கற்களுக்குப் பெயர்ச்சீட்டே இருக்காது.

நான் லென்ஸை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எண்பது அடி: வெங்கச்சங்கல், வெள்ளை வெளேரென்று. நூற்றிருபது அடி: அதேதான். முந்நூறு, ஐந்நூறு: அதேதான். ஒரு துண்டைச் சுத்தியலால் தட்டினேன், கண்ணாடிபோலச் சில்லுச் சில்லாகப் போனது. பக்கத்து இருக்கையில் இருந்த லேப் இன்சார்ஜுக்குப் பொறுக்கவில்லை. துணி கிழிக்கும் இயந்திரத்தில் ஒரு கல்லை வைத்து அழுத்திப் பார்த்துவிட்டார். கல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை, இயந்திரத்தின் ரப்பர் படலம் கிழிந்தது. அன்று மாலை வரை துணி சோதனை நின்றுபோக, சாம்பிள் அனுப்ப வேண்டிய மெர்ச்சன்டைசர் பெண் என்னை முறைத்துக்கொண்டே திரிந்தாள்.

எண்பது அடியில் இருக்கும் பாறையும் ஐந்நூறு அடியில் இருக்கும் பாறையும் அச்சில் வார்த்ததுபோல ஒரே மாதிரி இருக்குமா? இருக்காது. மேலே கொஞ்சம் சிதைந்திருக்க வேண்டும், நடுவில் காக்காப்பொன் என்னும் மைக்காச் செதில்கள் வர வேண்டும், எங்கேயாவது கொஞ்சம் மண் இருக்க வேண்டும். முதலாம் ஆண்டு மாணவிக்குக்கூடச் சந்தேகம் வந்திருக்கும். எனக்கு வரவில்லை. அன்றைக்கு என் மூளை எங்கே போயிருந்தது என்று கேட்டால் சொல்லிவிடுகிறேன்: அறிக்கைக்கு நீல அட்டை போடுவதா பச்சை அட்டை போடுவதா என்று யோசித்துக்கொண்டிருந்தது. நான்கு வருடத்துக்குப் பிறகு ஒருவர் என்னிடம் பாறையைப் பற்றிக் கேட்டிருக்கிறார். நான் ஷேலுக்கு எழுதிய சூத்திரத்தை அப்படியே வீரபாண்டிப் பாறைக்குப் போட்டு, பதினொரு பக்கம் எழுதித் தள்ளினேன்.

முதலாளி அறிக்கையைப் புரட்டினார், படிக்கவில்லை. "பாஸா, ஃபெயிலா?" என்று மட்டும் கேட்டார்.

"பாஸுங்க. எண்பதடிக்குக் கீழ முழுக்க ஒரே கெட்டிப் பாறைங்க. நல்லா நொறுங்கும். நூத்தியிருவதுல ரப்பர் அடைப்ப மாட்டச் சொல்லுங்க" என்றேன்.

அவர் மேசையிலிருந்த முத்திரையை எடுத்தார். பனியன் சாம்பிள்களுக்குக் குத்தும் 'அப்ரூவ்டு' முத்திரை. என் அறிக்கையின் அட்டையில் அதை அழுத்திக் குத்தினார். எனக்குப் பெருமையில் காது சூடாகிவிட்டது என்பதை இப்போது எழுதும்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

செய்தி வேலிக்கு அந்தப் பக்கமும் போயிருக்கிறது. அன்று சாயங்காலம் நான் கேன் நிரப்பப் போனபோது, அக்கா கயிற்றை இழுப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார். "ஏனுங் கண்ணு, அங்க பாறைய உடைக்கறாங்களாமா? எங்க கெணத்துக்கு ஒண்ணும் ஆகாதுங்ளே?"

"ஒண்ணும் ஆகாதுங்க்கா. நாந்தான் பாத்து எழுதிக் குடுத்திருக்கறன்" என்றேன்.

இந்த ஒரு வாக்கியத்துக்கு என் பதினொரு பக்கத்தில் எங்கேயும் ஆதாரம் கிடையாது. உண்மையில் எதிராகத்தான் ஆதாரம் இருந்தது. பாறை நான் எழுதியதுபோல நன்றாக நொறுங்கும் ஜாதி என்றால், விரிசல் தொலைதூரம் ஓடும் என்று அர்த்தம். வேலி எங்கே இருக்கிறது என்று விரிசலுக்குத் தெரியாது. பின்னாலிருக்கும் குட்டைக்கும் முன்னாலிருக்கும் கிணற்றுக்கும் நடுவில் அந்தப் போர் இருக்கிறது என்பதை நான் தினமும் கண்ணால் பார்க்கிறேன். ஆனால் 'ஆகலாம்' என்று சொன்னால் அக்கா முதலாளியிடம் போய் நிற்பார், வேலை நிற்கும், என் அறிக்கை அலமாரிக்குப் போகும். அதனால் ஆகாது என்று சொன்னேன். அக்கா முகம் தெளிந்து, என் கேனைத் தானே தூக்கி வேலிக்கு இந்தப் பக்கம் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை நல்ல நேரத்தில் வண்டி வந்தது. எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார்கள். போருக்கு மாலை போட்டார்கள். கட்டிங் பிரிவு முழுவதும் வேலையை விட்டுவிட்டுச் சுற்றி நின்றது. பம்ப் உறுமத் தொடங்கி, அழுத்தம் காட்டும் முள் மெதுவாக ஏறியது. பிறகு சட்டென்று விழுந்தது. பாறை உடைந்துவிட்டது என்று எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். ஆனால் முள் விழுந்தது நான் கணக்குப் போட்டு வைத்திருந்த அழுத்தத்தில் கால்வாசிகூட வராத இடத்தில். கான்டிராக்டர் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "தங்கமான பாறைங்க. மெனக்கெடவே வேண்டியதில்லாமப் போச்சு." எனக்கு உள்ளே என்னவோ உறுத்தியது. அதற்குள் யாரோ வாயில் லட்டைத் திணித்துவிட்டார்கள்.

தண்ணீர் வந்தது. அதை மறுப்பதற்கில்லை. மூன்று அங்குலக் குழாய் நிறையக் கொட்டியது. முதலாளி எனக்குத் துண்டு போர்த்தினார். நிறம் மாறிப்போய்த் திரும்பி வந்த ஒரு ஆர்டரின் குளியல் துண்டு அது. ஆனாலும் பெரிதாக, பஞ்சுபோல இருந்தது. போட்டோ எடுத்தார்கள். உள்ளங்கையில் தேங்காய் நிறுத்தியவரும் வந்திருந்தார். அந்த இடத்தைத் தான்தான் முதலில் சொன்னதாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை காலை, வேலிக்குப் போன டெய்லர் பெண்கள் காலிப் பாட்டிலோடு திரும்பி வந்தார்கள். "தண்ணி ஒரு மாதிரி இருக்குதுங்க்கா" என்றார்கள். ஒருத்தி மட்டும் பாதி பிடித்து வந்திருந்தாள். நான் அதை வாங்கி வெள்ளைத் துணிக்கு முன்னால் பிடித்தேன். மிக லேசான ஊதா. அந்த மாதம் எங்கள் பட்டறையில் ஓடிக்கொண்டிருந்த ஆர்டரும் ஊதாதான்.

பாட்டிலை எடுத்துக்கொண்டு முதலாளியிடம் ஓடினேன். அவர் பதறவில்லை. ஷேடு பார்க்கும் விளக்குப் பெட்டிக்குள் பாட்டிலை வைக்கச் சொன்னார். பக்கத்தில் எங்கள் ஆர்டரின் அப்ரூவல் துணியை வைத்தார். தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். "நம்முது இல்லீங்க அம்மிணி. நம்முது கொஞ்சம் செவப்பு தூக்கலா இருக்கும். இது நீலம் தூக்கலா இருக்குது. ஷேடு மேட்ச் ஆகுல பாருங்க" என்றார். வெளிநாட்டுக்காரன் இதே வித்தியாசத்தைச் சொல்லித் துணியைத் திருப்பி அனுப்பியபோது, வித்தியாசமே கண்ணுக்குத் தெரியவில்லை என்று இரண்டு பக்கம் மெயில் எழுதச் சொன்னவர் இவர்தான்.

எனக்கு அந்த முள் விழுந்த இடம் ஞாபகம் வந்தது. நான் லென்ஸில் பார்த்த கல் அவ்வளவு சீக்கிரம் உடையாது. செக்கிங் பிரிவுக்குப் போனேன். சூப்பர்வைசர் அம்மா டியூப் லைட்டுக்கு அடியில் ஒரு டி-ஷர்ட்டை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போர்க் கல்ல எப்படி எடுத்து வெச்சீங்கன்னு கொஞ்சம் சொல்லுங்களேன்" என்றேன்.

"ஏன் மேடம், எதுவும் கம்ப்ளைன்டா?" அவர் முகம் வாடியது. "நல்லாத் தான அனுப்பினேன்? எல்லாத்தையும் மூணு தண்ணி விட்டு அலசி, காயவச்சு, நாலு பிள்ளைகள உக்கார வச்சு ஒவ்வொண்ணா செக்கிங் பாத்துல்லா அனுப்பினேன்."

"கல்லுக்கு எதுக்குங்க செக்கிங்?"

"என்ன மேடம் இப்படிக் கேக்கீங்க? சாம்பிள்னு சொல்லிச் சகதியோடயா குடுக்க முடியும்? கம்பெனி பேரு என்னத்துக்கு ஆவும்? பொடிஞ்சது, கருப்பா செதில் அடிச்சது, கறை பட்டது எல்லாத்தையும் ரிஜெக்ட்ல போட்டுட்டேன். நல்ல பீஸ மட்டும்தான் உங்களுக்குக் குடுத்தேன்."

அந்த அம்மாவைத் திட்டிப் பயனில்லை. இருபது வருடமாக அவருக்குச் சொல்லிக்கொடுத்திருப்பது அதைத்தான். திருப்பூரில் சாம்பிள் என்றால் சரக்கில் இருந்து எடுத்த ஒரு பிடி அல்ல, சரக்கு எப்படி இருந்திருக்க வேண்டுமோ அதைக் காட்டுவது. இந்த ஊரில் நான்கு வருடம் அப்ரூவல் சாம்பிள் சோதித்தவள் நான். இது எனக்குத் தெரியாதா?

ரிஜெக்ட் மூட்டையை அவர் தூக்கிப் போடவில்லை. அதையும் ஆழம் எழுதி, பிரித்துக் கட்டி மூலையில் வைத்திருந்தார். மூட்டை ஒன்றை அவிழ்த்தேன். கையில் எடுத்தாலே பொடிந்துபோகும் காக்காப்பொன் கற்கள், மண் அப்பிய கற்கள். ஏற்கெனவே உடைந்து சிதைந்து கிடந்த ஒரு அடுக்கு முழுவதும் அதில் இருந்தது. சில கற்களில் கறை இருந்தது. ஊதாவும் சிவப்புமாக, உள்விரிசல் வரைக்கும் ஊறிய கறை. குட்டைத் தண்ணீர் அந்த ஆழத்துக்கு எப்போதோ வந்துவிட்டது. செக்கிங் பெண்கள் தங்கள் வழக்கப்படி, கறை இருந்த இடத்தை நோக்கி ஒவ்வொரு கல்லிலும் சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள். நான் எழுதியிருக்க வேண்டிய அறிக்கையை அவர்கள் எழுதி முடித்து மூட்டை கட்டி வைத்திருக்கிறார்கள். மூட்டையின் டேக்கைப் பார்த்தேன். நூற்றிருபது அடி, நான் ரப்பர் அடைப்பை மாட்டச் சொன்ன அதே ஆழம்.

மூட்டையோடு போய் முதலாளியின் மேசையில் கொட்டினேன். என் குரல் உயர்ந்துவிட்டது. அவர் பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டார். ஒரு கல்லை எடுத்து ஸ்டிக்கரை உரித்துப் பார்த்தார். பிறகு என் அறிக்கையை எடுத்து, அட்டையில் இருந்த முத்திரையைக் காட்டி, கோபமே இல்லாமல் சொன்னார். "அப்ரூவல் குடுத்தது நீங்கதானுங்களே அம்மிணி." லாரித் தண்ணீரில் தினமும் இரண்டு டிரம் வேலிக்கு அந்தப் பக்கம் இறக்கச் சொல்கிறேன் என்றும் சொன்னார். அவரைப் பொறுத்தவரை விஷயம் அதோடு தீர்ந்துவிட்டது. குழாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

எனக்கு அவரைப் பற்றி ஆயிரம் சொல்லத் தெரியும். ஆனால் அவர் சொன்ன அந்த ஒன்று உண்மை. வேலியைச் சுற்றிக்கொண்டு, முதல் முறையாகக் கேன் இல்லாமல், தோட்டத்துக்குள் போனேன்.

அக்கா மாட்டுக்குச் சோளத்தட்டு போட்டுக்கொண்டிருந்தார். "வாங்க கண்ணு, காலைல அந்தப் புள்ளைக வந்ததோட சரி, அப்பறம் யாருமே தண்ணிக்கு வரக் காணமே" என்றார்.

"அக்கா, கெணத்துத் தண்ணியக் குடிக்காதீங்க. மாட்டுக்கும் வெக்காதீங்க" என்றேன்.

"மாடு சனிக்கெழமையிலிருந்தே மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்குதுங்க கண்ணு. ஒரு வாய் குடிக்குல."

"நீங்க?"

அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தார். இதெல்லாம் ஒரு கேள்வியா என்பதுபோல.

"நாங்க குடிச்சோமுங்க. நீங்கதான் ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னீங்களே."